தங்கையாவின் முப்பத்துமூன்று இஞ்ச் டயர்

வண்டிக்கு டயர் மாற்றுவது அவரவர் சொந்த விஷயம். அதற்கும் அரசாங்கத்துக்கும் சம்பந்தம் இல்லை. தங்கையா அறுபத்தேழு வயது வரை அப்படித்தான் நினைத்திருந்தார்.

அவருடைய வண்டி இருபத்தெட்டு வருஷத்துப் பழைய போர்வீல், நாலு சக்கரமும் இழுக்கும். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் தொட்டியில் எது வேண்டுமானாலும் உட்காரலாம். சுங்கை லிந்தா தோட்டத்தில் அது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றியிருக்கிறது, பந்தல் சாமான் ஏற்றியிருக்கிறது, ஒருமுறை மாப்பிள்ளையையும் ஏற்றியிருக்கிறது. இப்போது செவ்வாய்க்கிழமைகளில் நோயாளிகளை ஏற்றுகிறது.

காரணம் சேறு. புலாவ் செபாங் பட்டணத்தில் இருந்து தோட்டத்துக்கு வரும் ரோட்டில் ஒன்பது கிலோமீட்டர் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு குலை லாரிகள் உழுதுபோட்ட இடம். மழை பெய்தால் எருமை கூட நின்று யோசிக்கும். வாரம் ஒருமுறை வரும் மருந்து வேன் சேற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். தங்கையா தோட்டத்தில் இருந்து பன்னிரண்டு பேரை இரண்டு நடையாக ஏற்றிக்கொண்டு போய் வேனில் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்.

பன்னிரண்டு பேரில் முதல் ஆள் அவர் மனைவி கமலவேணி. வலது பாதத்தில் சர்க்கரைப் புண். வாராவாரம் நர்ஸ் பார்த்துக் கட்டு மாற்ற வேண்டும். காலை ரொம்ப நேரம் தொங்கப் போடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் பெஞ்சில் நாலு மணி நேரம் தொங்க வேண்டும். வேனில் பத்து நிமிஷம். அவளுக்கு அது வேன் இல்லை. கால்.

ஐப்பசி மழையில் வண்டி இரண்டு தரம் மாட்டியது. மூன்றாம் தரம் டிராக்டர் வந்து இழுக்கும்வரை ஒன்றரை மணி நேரம் கமலவேணி தொட்டியில் உட்கார்ந்திருந்தாள். அதுதான் தங்கையாவுக்குப் பொறுக்கவில்லை. பெரிய டயர் போடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

பெரிய டயர் என்றதும் கோகுலராஜ் தானாக வந்து சேர்ந்தான். கமலவேணியின் தம்பி மகன். மலாக்காவில் ஏர்கோன் போட்ட ஆபீசில் வேலை. 'மலாக்கா சேற்றுச் சிங்கங்கள்' என்ற போர்வீல் சங்கத்தில் செயலாளர். சிங்கங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கிளேபாங் கடற்கரையில் இளநீர் ஷேக் கடைகளுக்கு முன்னால் கூடும். ஒவ்வொரு வண்டியும் மாடி வீடு உயரம். ஆற்றைக் கடக்க ஒருவர் வண்டிக்கு மூச்சுக்குழாய் வைத்திருந்தார். இதுவரை அவர் கடந்த ஆறுகள் எல்லாவற்றுக்கும் பாலம் இருந்தது. இன்னொருவர் சேறு தெறித்த மாதிரி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். நிஜச் சேறு பட்டால் பெயின்ட் போய்விடுமாம்.

தங்கா பத்து என்ற ஊரில் சேகரன் கடையில் டயர் பார்த்தார்கள். சேகரன் முப்பது வருஷமாக டயர் விற்கிறவர். அதனால் டயரைப் பற்றி அவருக்குப் பெரிய மோகம் ஒன்றும் கிடையாது. பழசு இருபத்தொன்பது இஞ்ச், முப்பத்தொன்று போட்டால் எங்கேயும் உரசாது, அதற்கு மேலே போனால் மட்கார்டை வெட்ட வேண்டும், ஸ்பிரிங்கைத் தூக்க வேண்டும், கிழட்டு இஞ்சின் மூச்சு வாங்கும் என்று சொன்னார்.

"முப்பத்தொண்ணெல்லாம் மார்க்கெட்டுக்குப் போற ஆண்ட்டிங்க போடுறது மாமா," என்றான் கோகுலராஜ்.

தங்கையா அவனைப் பார்க்கவில்லை. சேகரனைத்தான் கேட்டார். "சேத்துல போவுமா?"

"ரெண்டும் போவும்ணே."

"எது நல்லா போவும்?"

"முப்பத்துமூணு."

"அதைப் போடு."

போட்டார்கள். வெட்டினார்கள், தூக்கினார்கள். கடைசியில் சேகரன் ஒரு விஷயம் சொன்னார். டயர் பெருத்தால் குறைவாகச் சுற்றும், ஆகவே மீட்டர் கம்மியாகக் காட்டும், பத்து ஓடினால் ஒன்பதுகூடச் சொல்லாது என்றார். வண்டி ஓடினால் சரி, அது வாயால் என்ன சொன்னால் எனக்கென்ன என்று தங்கையா கிளம்பிவிட்டார்.

அடுத்த செவ்வாய் வண்டி சேற்றில் கோயில் யானை மாதிரி நடந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். கமலவேணி மட்டும் தொட்டியை அண்ணாந்து பார்த்தாள். "ஏணி எப்ப வரும்?" என்று கேட்டாள். பிளாஸ்டிக் முக்காலி மேல் இன்னொரு முக்காலி போட்டு ஏற்றினார்கள்.

இந்த நிலையில்தான் உட்புறக் குடியிருப்பு நலத்துறையிடம் இருந்து கடிதம் வந்தது.

மருந்து வேன் அந்தத் துறையுடையது. துறையின் கிளை அலுவலகம் புலாவ் செபாங்கில், ரயில் நிலையத்துக்குப் பின்னால். விதி எளிமையானது. அலுவலக வாசலில் இருந்து பத்து கிலோமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அது உட்புறக் குடியிருப்பு, வேன் உண்டு. குறைந்தால் அருகாமைக் குடியிருப்பு, வேன் கிடையாது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறு அளவை; இந்த வருஷம் அளக்க வருகிறோம் என்பதுதான் கடிதம். தூரமானது, குடியிருப்பின் வாசலை மெய்யாகவே சென்றடையும் வாகனத்தின் மீட்டரைக் கொண்டு மட்டுமே அளக்கப்படும்.

அளக்க வந்தவர் பெயர் பிரவின். இருபத்தாறு வயது, இஸ்திரி போட்ட சட்டை, நல்ல பையன். அலுவலகக் கார் சேற்றைப் பார்த்தவுடனே திரும்பிவிடும் ஜாதி. ஆகவே மெய்யாகவே சென்றடையும் வாகனம் என்று பார்த்தால் தங்கையாவின் வண்டி ஒன்றுதான். பிரவினை அலுவலக வாசலில் ஏற்றிக்கொண்டு, மீட்டரைச் சைபரில் வைத்து, பெருமையோடு ஓட்டினார் தங்கையா. வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் சேற்றைத் தாண்டித் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் நின்றது.

பிரவின் மீட்டரைப் பார்த்துப் பாரத்தில் எழுதினான். ஒன்பது புள்ளி ஒன்று.

"தம்பி, பத்தரைக்குக் கொஞ்சம் கம்மி. முப்பது வருஷமா ஓட்டுறேன்."

"அது அப்போ அங்கிள். இப்போ உங்க ஊரு கிட்ட வந்துருச்சி."

"ஊரு எப்படிப்பா கிட்ட வரும்?"

"எப்படி வந்துச்சின்னு பாரத்துல கேக்கல அங்கிள். எவ்ளோன்னுதான் கேக்குது."

தங்கையா டயர் விஷயத்தை விளக்கினார். சேகரன் சொன்னதை அப்படியே சொன்னார். பிரவின் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். டயர் உங்கள் சொந்த விஷயம், அதில் துறை தலையிடாது என்றான். தங்கையா போனை நீட்டினார். அதில் மேப் பத்து புள்ளி நான்கு என்று காட்டியது. பிரவின் தன் போனையும் எடுத்துப் பார்த்தான். அதிலும் பத்து புள்ளி நான்குதான்.

"சரியாத்தான் இருக்கு அங்கிள். ஆனா போன் வாகனம் இல்லலா."

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. 'தங்கள் குடியிருப்பு அருகாமை நிலையை எய்தியுள்ளதைத் துறை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறது. இந்த முன்னேற்றத்துக்கு எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள். அடுத்த மாதம் முதல் வேன் சேவை தங்களுக்குத் தேவைப்படாது.'

அடுத்த வீட்டு செலின்தான் சத்தமாக வாசித்தாள். பன்னிரண்டு நோயாளிகளும் கேட்டார்கள். வாழ்த்துகள் என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் ஒருவர் கைதட்டிவிட்டார்.

ஒரு முறைதான் மேல்முறையீடு செய்யலாம், அளவைக்கு இரண்டு வாய்ப்பு உண்டு என்றார்கள். தங்கையா வீட்டுக்குப் பின்னால் ரிம்மோடு கிடந்த பழைய டயர்களைத் தேடி எடுத்தார். ஒன்றில் கோழி முட்டையிட்டிருந்தது. கோழிக்கு வேறு இடம் கொடுத்துவிட்டு நாலையும் மாட்டினார். இருபத்தொன்பது இஞ்ச். மீட்டர் இனிப் பொய் சொல்லாது.

மீட்டர் சொல்லவில்லைதான். பிரவினோடு கிளம்பிய வண்டி ஒன்பது புள்ளி இரண்டு வரை உண்மை பேசியது. அங்கே சேற்றில் அச்சு வரை இறங்கி நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. பிரவின் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தங்கையா கெஞ்சுகிற ஆள் இல்லை. அன்றைக்குக் கொஞ்சம் கெஞ்சினார். இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேலே இருக்கிறது, நடந்து வேண்டுமானாலும் பார்த்துக்கொள், இதோடு அதைக் கூட்டிக்கொள் என்றார்.

"கூட்டுறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல அங்கிள். வாசிக்கத்தான்."

டிராக்டர் வந்து இழுத்தது. பாரத்தில் 'வாகனம் சென்றடையவில்லை; எனவே தூரம் இல்லை' என்று எழுதப்பட்டது. ஒரு வாய்ப்பு போய்விட்டது.

வீட்டில் கமலவேணி காலை நாற்காலி மேல் நீட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தங்கையா சுவரைப் பார்த்துப் பேசினார்.

"போற டயருக்குத் தூரம் பத்தல. தூரம் பத்துற டயரு போவ மாட்டேங்குது."

கமலவேணி வெங்காயத்தை வைத்தாள். "நான் சேத்துக்கு ஒரு செருப்பு வச்சிருக்கேன். வேனுக்கு ஒரு செருப்பு வச்சிருக்கேன். நடுவுல மாத்திக்கிறேன். உங்க வண்டிக்கு என்னா கேடு?"

சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று தங்கையாவுக்குத் தோன்றியது. அதனாலேயே இது அலுவலகத்துக்கு ஒத்துவரும் என்றும் தோன்றியது.

கடைசி அளவைக்குச் சின்ன டயரில் வண்டி கிளம்பியது. தொட்டியில் முப்பத்துமூன்று இஞ்ச் நாலும் கட்டிக் கிடந்தன. சேற்றோரத்தில், ஒன்பது புள்ளி இரண்டில், தங்கையா வண்டியை நிறுத்தி ஜாக்கி வைத்தார். பிரவின் விதிப்புத்தகத்தைத் திறந்தான். மூன்று பக்கம் முன்னால் போய், இரண்டு பக்கம் பின்னால் வந்தான்.

"நடுவுல வாகனம் மாறக்கூடாதுன்னு இருக்கு," என்றான் கடைசியில். "டயர் மாறக்கூடாதுன்னு இல்ல."

அதற்குப் பிறகு அவனே நட்டுகளைத் தொப்பியில் வாங்கி வைத்துக்கொண்டான். தோட்டத்து ஆட்கள் சேற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். நாலு டயரும் மாறின. வண்டி யானையானது. இறங்கியது, ஏறியது, கோயில் வாசலில் நின்றது. பத்து புள்ளி இரண்டு. பிரவின் வண்டி பானட் மேலேயே பாரத்தை வைத்து எழுதினான். அலுவலகத்தில் முத்திரைச் சாப் அடித்தார்கள். சுங்கை லிந்தா சட்டப்படி மறுபடியும் தூரமானது. செலின் பாயசம் வைத்தாள். ஊர் தள்ளிப்போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஜனங்களை பிரவின் அதுவரை பார்த்ததில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அலுவலகத்தில் இருப்பது ஒரே ஒரு மேசை இல்லை.

பழைய ஒன்பது புள்ளி ஒன்று சும்மா இருக்கவில்லை. பிரவின் மேசையில் இருந்து அது ஏற்கெனவே அடுத்த மேசைக்குப் போயிருந்தது. அடுத்த மேசை நளினி மேடத்துடையது. சாலைப் பிரிவு. பத்து கிலோமீட்டருக்குக் குறைந்த அருகாமைக் குடியிருப்புகளுக்குத் தார் ரோடு போட்டுத் தருவது அவருடைய கடமை. யாரும் கேட்கவில்லை. கேட்காமலே ஒப்புதல் வந்தது, தார் வந்தது, உருளை வந்தது.

அலுவலக வாசலில் தொடங்கி, ஏற்கெனவே நன்றாக இருந்த ரோட்டின் மேலேயே இன்னொரு ரோடு போட்டார்கள். கன்னம் மாதிரி வழுவழு. நடுவில் வெள்ளைக் கோடு. சரியாக ஒன்பது புள்ளி ஒன்று கிலோமீட்டரில், சேற்றுக்கு நூறு மீட்டர் முன்னால், உருளையை நிறுத்தி, டீ குடித்து, போய்விட்டார்கள்.

தங்கையா அலுவலகத்துக்கு ஓடினார். சேறே அதற்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்றார். நளினி மேடம் கோப்பைத் திறந்து, கண்ணாடியை மாட்டி, அவருக்கு நேராகத் திருப்பிக் காட்டினார்.

"ஐயா, உங்க ஊரு ஒன்பது புள்ளி ஒன்றுல முடியுது. அதுக்கு அப்பால இருக்கிறது எங்க கோப்புல இல்லாத இடம்."

"பிரவின் தம்பி கோப்புல பத்து புள்ளி ரெண்டு இருக்கும்மா."

"அது அடுத்த மேசை."

அடுத்த மேசையைத் தொட்டால் வேன் போய்விடும் என்பது தங்கையாவுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு திரும்பினார்.

ரோடு திறப்பு விழா நடந்தது. ரிப்பன் கட்டினார்கள், வெட்டினார்கள். அதில் கோகுலராஜ் ஒரு படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினான். பளபளக்கும் தார், அதன் முனையில் அச்சு முங்கும் சேறு. சேற்றுச் சிங்கங்கள் தலைமுறை தலைமுறையாகத் தேடிய இடம் அதுதான். கழுவின வண்டியைக் குலுக்காமல் ஏர்கோனில் ஓட்டிக்கொண்டு வந்து, அரை மணி நேரம் சேற்றில் போட்டுப் புரட்டி, படம் பிடித்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அடுத்த ஞாயிறு பதினேழு வண்டி வந்தது. அதற்கடுத்த ஞாயிறு நாற்பது. கிளேபாங்கில் கடைக்காரர்கள் கவலைப்பட்டதாகக் கேள்வி.

பாதி வண்டி மாட்டிக்கொண்டது. முப்பத்தைந்து இஞ்ச், முப்பத்தேழு இஞ்ச், எல்லாம் மாட்டியது. இழுத்து வெளியே போட ஒரே ஒரு ஆள்தான். முதல் நாள் தங்கையா எரிந்து விழுந்துகொண்டே இழுத்தார். மூன்றாம் ஞாயிறு, இஸ்திரி மடிப்புக் கலையாத ஒருவர் அவர் வண்டியைச் சுற்றி வந்து, "அங்கிள், உங்க செட்டப் ஒரு லெவல்," என்றார். தங்கையாவுக்கு அர்த்தம் புரியவில்லை. ஆனாலும் அன்று மாலை வண்டியைத் துடைத்தார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை.

சங்கம் துறைக்கு ஒரு மனு கொடுத்தது. இந்தச் சேறு எதிர்காலச் சந்ததிக்குப் பாதுகாக்கப்பட வேண்டும் என்று கோகுலராஜ் எழுதியிருந்தான். அலுவலகத்தில் மூன்றாவது மேசை ஒன்று இருந்தது. அது இதுவரை வேலையில்லாமல் இருந்தது. ஒரே மாதத்தில் பலகை நட்டார்கள்: 'சுங்கை லிந்தா பாரம்பரியச் சேறு. மண் கொட்டுவதும், கல் போடுவதும், சமப்படுத்துவதும் தண்டனைக்குரிய குற்றம்.'

தோட்டத்து ஆட்கள் கூடிப் பேசினார்கள். முதல் ஐந்து நிமிஷம் எல்லோருக்கும் கோபம். ஆறாவது நிமிஷம் செலின் இளநீர் ஷேக் கடை போடலாம் என்றாள். வடை யார் போடுவது என்பதில்தான் சண்டை வந்தது. கடைசியில் சேறு பராமரிப்புக் குழு ஒன்று அமைத்து, தங்கையாவைத் தலைவராகப் போட்டார்கள். துறை அவருக்கு மஞ்சள் டி-ஷர்ட் ஒன்று கொடுத்தது. முதுகில் 'தலைவர்' என்று இருந்தது. அதை அவர் வாரத்தில் ஆறு நாள் போட்டார். ஏழாம் நாள் துவைத்தார்.

செவ்வாய்க்கிழமை வேன் முன்னைவிட வேகமாக வந்தது. ரோடு நல்ல ரோடு. சேற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது. முக்காலி மேல் முக்காலி போட்டு, கமலவேணியை ஏற்றி, இறக்கி, ஏற்றி, இறக்கினார்கள்.

மாசி மாதம் வெயில் காய்ந்தது. மூன்று வாரம் ஒரு சொட்டு மழை இல்லை. சேறு முதலில் களியானது, பிறகு ஓடானது, பிறகு தரையானது. அந்தச் செவ்வாய் பொது விடுமுறை. மலாக்காவில் இருந்து சிங்கங்கள் அறுபது வண்டி வருவதாகத் தகவல். தங்கையா விடியற்காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார்.

கமலவேணி வாசலில் அவருக்காகக் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. புண் இப்போது முக்கால்வாசி ஆறியிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு மெதுவாக நடந்தாள். சேற்றோரத்துக்கு வந்து ஒரு காலை வைத்துப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. அடுத்த காலை வைத்தாள். வண்டி இல்லை, முக்காலி இல்லை, யாரும் தூக்கவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் காலாலேயே வேனுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாதி தூரம் வந்துவிட்டாள்.

எதிரே தார் முனையில் வேன் நின்றது. அதற்குப் பின்னால் அறுபது வண்டி நின்றது. வேனுக்கு முன்னால் அவள் வீட்டு வண்டி நின்றது. தொட்டியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அதன் பக்கத்தில் மஞ்சள் டி-ஷர்ட்டில், கையில் குழாயோடு தங்கையா. தோட்டமே வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கை மாற்றிக் காய்ந்த சேற்றில் ஊற்றிக்கொண்டிருந்தது. வரிசையில் பன்னிரண்டு நோயாளிகளில் எட்டு பேர் இருந்தார்கள்.

"இன்னிக்கு செவ்வாக்கிழமைங்க," என்றாள் கமலவேணி.

தங்கையா நிமிர்ந்து பார்த்தார். அவள் நடுவில் நிற்பதைப் பார்த்தார். பின்னால் அறுபது வண்டியும் உறுமுவதைக் கேட்டார்.

"தெரியும்மா. கொஞ்சம் ஓரமா நில்லு," என்றார். "நல்லா ஊறட்டும். அப்பறம் வந்து ஏத்திக்கிறேன்."